எட்டாம் நம்பர் வாசல்

இரண்டாம் நம்பர் வீட்டுப் பலகை விழுந்த சத்தம் கேட்டது. பெரிய சத்தமொன்றுமில்லை, தொம் என்று ஒன்று, அவ்வளவுதான். ஆனால் யோகாம்பிகைக்கு அது நெஞ்சுக்குள்ளே விழுந்தது. ஏழாம் நம்பரில், தன் வீட்டு மாடிப்படியின் மூன்றாம் படியில் கால் இரண்டையும் ஒடுக்கிக்கொண்டு குந்தியிருந்தாள். எதிரே பூட்டின வாசல் கதவு. பக்கத்துச் சுவரில் சாத்திவைத்த அவளுடைய பலகை. பின்னேரம் இரண்டரை மணி இருக்கும். தட்டுவார்களா, தட்ட மாட்டார்களா? காலையிலிருந்து மனம் இதையேதான் அரைத்துக்கொண்டிருக்கிறது, வேறு வேலையில்லை அதற்கு. ஹெர்ன்ஃபோர்ட் என்கிற இந்த இங்கிலாந்துப் பட்டினத்தில் ஆற்றோரமாகப் பதினொரு வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன, மில் வரிசை என்று பெயர். ஆறு ஏறினால் முதலாம் வீட்டுக்காரர் பழைய மில்லின் கல்லில் வெட்டியிருக்கிற கோட்டைப் போய்ப் பார்ப்பார். தண்ணி கோட்டைத் தொட்டதென்றால் இரண்டாம் வீட்டுக் கதவைத் தட்டுவார். இரண்டு பேருமாகப் பலகையைத் தூக்கி வாசல் கல்லின் இரண்டு பக்க வெட்டுக்குள்ளும் இறக்குவார்கள். அதன்பிறகு இரண்டாம் வீடு மூன்றாம் வீட்டுக்குப் போகும், மூன்று நாலுக்கு, இப்படியே பாலம் வரைக்கும். தொடையளவு உயரமான கட்டைப் பலகை, இரண்டு அந்தத்திலும் இரும்பு வளையம். ஒற்றையாளால் தூக்க ஏலாது. அறுபத்திமூன்று வயதுக் கிழவியால் அறவே ஏலாது. காலையில் ஒருக்கா ஒரு பக்கத்தைக் கிளப்பிப் பார்த்தாள், இடுப்பில் பிடித்ததுதான் மிச்சம். தட்டாமல் விட்டார்களென்றால் தண்ணி உள்ளே வரும். தண்ணி வந்தால் வரட்டும், கழுவிவிடலாம். தட்டாமல் விட்டார்கள் என்பதை எதைக்கொண்டு கழுவுவது.

தண்ணி என்றால் கிணற்றுக்குள்ளே கிடக்கவேண்டும், இல்லாவிட்டால் கடலில் கிடக்கவேண்டும். அவள் பிறந்த கரவெட்டியில் ஆறென்று ஒன்றில்லை, யாழ்ப்பாணம் முழுக்கத் தேடினாலும் ஆறென்று சொல்லத்தக்க ஒன்றில்லை, அதனால் ஒருவருக்கும் ஒரு குறையும் வந்ததில்லை. கிணற்றுத் தண்ணிக்கு மரியாதை தெரியும். நீ போய்க் குனிந்து அள்ளினால்தான் வரும். இந்த லோம் ஆறு அப்படியில்லை, கேளாமல் வந்து கதவைத் தட்டுகிற சாதி. கோடையில் பார்க்கவேண்டும் அதன் நடிப்பை. அன்னமும் தாராவும் மிதக்க, ஓரத்தில் மரக்கிளை தொட்டுக்கொண்டு நிற்க, பஸ் பஸ்ஸாகச் சனம் வந்து இறங்கி மில் வரிசையைப் படம் பிடிக்கும். யன்னலுக்குள்ளே மூஞ்சையை வைத்துப் பார்க்கும். நானூறு வருஷ வீடாம், கறுத்த கூரை வளைகளாம், என்ன வடிவு என்ன வடிவு என்று சொல்லும். குடியிருந்து பார்த்தால் தெரியும் வடிவு. சுவரெல்லாம் ஈரம், நேரான மூலை ஒன்றுகூட இல்லை, ஒரு ஆணி அடிக்கவும் கவுன்சிலுக்கு எழுதிப்போட வேண்டும். பலகையை இலேசான தகரத்தில் மாற்றவும் விடுகிறார்களில்லை, வரிசையின் பழமை கெட்டுவிடுமாம். புருஷன் நேசராசாதான் ஆசைப்பட்டு வாங்கினது. பட்டினத்துப் பாமசியில் இருபத்திரண்டு வருஷம் மருந்து கொடுத்த மனுசன், இந்த ஊரில் எவருக்கு இருதயம், எவருக்கு மூலம், எவருக்கு நித்திரை வராது எல்லாம் அவருக்குத் தெரியும், ஒரு வார்த்தை வெளியில் விட்டதில்லை. யோகம், யன்னலைத் திறந்தால் ஆறு, இதைவிட என்ன வேணும் என்று கேட்டார். அவளுக்கு எத்தனையோ வேணும், ஆனால் அந்த நேரத்தில் ஒன்றும் வாயில் வரவில்லை. அப்படித்தான் எப்போதும், சொல்லவேண்டிய நேரத்தில் வாய் அடைத்துப்போகும். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், ஆற்றை அவளிடம் விட்டுவிட்டு.

தொம். மூன்று. மூன்றாம் நம்பரில் தாய் இல்லை, தகப்பனும் பெட்டையும்தான், அதனால் சுணங்கியிருக்கும். நாலாம் நம்பர் விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிற வீடு, மாசி மாதத்தில் எவனும் வரமாட்டான், அதைப் பூட்டி முன்கூட்டியே பலகை போட்டாயிற்று. ஆகவே இனி ஐந்து, பிறகு ஆறு, ஆறு என்றால் ஜூடித். ஜூடித் படிப்பித்து ஓய்வெடுத்த மனுசி, எழுபது வயது, மெலிந்த கழுத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூ வைக்கிறவள். இவளை யோகா என்றுதான் கூப்பிடுவாள். இருபது வருஷத்துக்கு முன்னால் வந்து குடியேறின கிழமையே, நீங்கள் யோகா வகுப்பு எடுப்பீர்களா என்று கேட்டுச் சிரித்தவள், அதற்குப் பிறகு அந்தப் பகிடியை ஒரு நாளும் விடவில்லை. இப்போது பகிடியும் இல்லை. ஒரு வருஷமாக இந்த வரிசையில் ஒருவரும் அவளை ஒரு கேள்வி கேட்கவில்லை, ஒரு பேச்சுப் பேசவில்லை, அதுதான் இந்தச் சனத்தின் கெட்டித்தனம். கரவெட்டியாக இருந்தால் வாசலில் வந்து நின்று கத்தியிருப்பார்கள், மண்ணை அள்ளித் தூற்றியிருப்பார்கள், இவளும் திரும்பக் கத்தியிருப்பாள், அடுத்த மாதம் ஒரு சாவீட்டிலோ கலியாண வீட்டிலோ முகத்தைப் பார்த்துக் கதைக்கத் தொடங்கியிருப்பார்கள். இவர்கள் காலை வணக்கம் சொல்கிறார்கள். ஒரு நாள் தவறாமல் சொல்கிறார்கள். குளிராக இருக்கிறது இல்லையா என்கிறார்கள், பதிலுக்கு நிற்கிறார்களில்லை. இறைச்சிக்கடைக்காரன் முந்தி எலும்பைச் சும்மா கட்டித் தருவான், இப்போது எலும்பு இல்லை என்கிறான். ஆட்டை எலும்பில்லாமலா வெட்டுகிறாய் நாசமறுவானே என்று கேட்க வாய் உன்னும், நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுவாள். மகள் மதுரா லெஸ்டரிலிருந்து கிழமைக்கு நாலு தரம் ரெலிபோன் எடுத்து, அம்மா வித்துப்போட்டு இங்கை வாங்கோ என்கிறாள். வித்துப்போட்டுப் போனால் குற்றவாளி ஓடிவிட்டாள் என்பார்கள். ஓடமாட்டாள். ஓடினதெல்லாம் போதும் ஒரு ஆயுளுக்கு.

குசினிச் சுவரில் ஒரு மட்டை தொங்குகிறது, எல்லா வீட்டுக் குசினியிலும் தொங்குகிறது. மூன்றே மூன்று வரி. கதவைத் தட்டு. முகத்தைப் பார். பலகையைப் பிடி. ரெலிபோன் வந்த காலத்திலும் அதை மாற்றவில்லை, ஏனென்றால் பழைய காலத்தில் ஒரு தடவை யன்னலுக்கு வெளியே நின்று கூப்பிட்டுவிட்டுப் போனார்களாம், உள்ளே இருந்தவர் கேட்கவில்லையாம், அதனால் முகத்தைக் காணாமல் திரும்பக்கூடாது என்று வைத்தார்களாம். அரசாங்கத்து எச்சரிக்கை கைத்தொலைபேசியில் மாரி முழுக்க வந்துகொண்டேயிருக்கும், அதை ஒருவரும் கணக்கெடுப்பதில்லை, தட்டினால்தான் வெள்ளம். போன வருஷமும் இதே மாசியில் தட்டினார்கள். பின்னேரம் ஐந்து மணி, மைம்மல் நேரம். ஜூடித் வந்தாள், நேசராசாவின் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தவளை ஒரு நிமிஷம் கட்டிப்பிடித்தாள், பிறகு இரண்டு பேருமாகப் பலகையை இறக்கினார்கள். எட்டாம் நம்பர் ஆர்தர் வீட்டில்தான் இருப்பார், போய்ப் பலகையைப் பிடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். யோகம் தலையாட்டினாள். தலையாட்டினாள்தானே? ஆட்டினாள். பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே வந்து எட்டாம் நம்பருக்கு ரெலிபோன் எடுத்தாள். மூன்று தரம் எடுத்தாள். மூன்று தரம் எடுத்தேன் என்று பிறகு கண்ட எல்லாருக்கும் தானாகவே சொன்னாள், மட்டையில் தட்டு என்றல்லவா இருக்கிறது என்று ஜூடித் மெதுவாகச் சொன்னாள், அதோடு கதை முடிந்தது. சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்த வீட்டு ரெலிபோன் அடிப்பது சுவருக்குள்ளால் இவளுக்குக் கேட்டது. ஒரு காதில் இவளுடைய ரெலிபோன், மறு காதில் சுவர். அடித்தது, அடித்தது, நின்றது. திரும்ப எடுத்தாள், திரும்ப அடித்தது. எடுக்க ஆளில்லை என்று தெரியும். காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டுச் சாய்கதிரையில் நித்திரைகொள்கிற நேரம் அது என்றும் தெரியும், இருபது வருஷம் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்தால் எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டு ரெலிபோனை வைத்தாள். வைத்துவிட்டு அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்தாள்.

துடக்கு, சாவுத் தீட்டு. அதுதான் காரணம். நேசராசாவை எரித்து ஒன்பதாம் நாள், முப்பத்தொன்று முடியாமல் துடக்கு வீட்டுக்காரி இன்னொரு வீட்டு வாசலில் கால் வைப்பாளா? அதுவும் எப்படிப்பட்ட வாசல். ஆர்தரின் மகள் ஹெலனின் பெட்டைக்கு அடுத்த சனிக்கிழமை கலியாணம், வெள்ளைச் சட்டை தைத்து ஆர்தர் வீட்டு முன்னறையிலேயே கொழுவி வைத்திருந்தது, யன்னலால் போகிற வருகிற எல்லாரும் பார்த்தார்கள். தாலி இறங்கி ஒன்பது நாளான ஒருத்தி அந்தச் சட்டைக்கு முன்னால் போய் நிற்பதா? ஊரில் செய்ய மாட்டார்கள், இங்கேயும் செய்ய மாட்டாள், அது அந்தப் பிள்ளைக்காகச் செய்த நன்மை. இதை இவர்களுக்கு எந்த இங்கிலீஷில் சொல்வது. சொன்னால் என்ன நினைப்பார்கள், காட்டுமிராண்டி என்று நினைப்பார்கள், அல்லது ஐயோ பாவம் என்று முகத்தைச் சரித்துக்கொண்டு கேட்பார்கள், அது அதைவிட மோசம். அதனால் சொல்லவில்லை. துடக்குத்தான் காரணம். ஆனால் காரணம் அதுதானென்றால் ஏன் ஒரு வருஷமாக அதைத் திரும்பத் திரும்ப எடுத்துத் தட்டிப் பார்க்கிறாள், நல்ல பானையைத் தட்டிப் பார்க்கத் தேவையில்லையே. வெளியில் நின்று ஒரு கல்லை எடுத்துக் கதவில் அடித்திருக்கலாம், வாசலை மிதித்திருக்கத் தேவையில்லை. ஜூடித்தைக் கூப்பிட்டு நீ போ என்றிருக்கலாம். ஒன்பதாம் நம்பரைத் தட்டியிருக்கலாம். துடக்கென்றால் வாய்க்கும் துடக்கா? அந்த இடத்தில் வந்து நினைப்பு முள்ளில் சீலை கொழுவினது மாதிரி நின்றுவிடும், இழுத்தால் கிழியும். கிழிந்தால் உள்ளே ஆர்தர் விட்கம் நிற்கிறார். சாவீட்டன்றைக்கு நின்ற மாதிரியே நிற்கிறார், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு. வீடு நிறையச் சனம், ஹாரோவிலிருந்தும் லெஸ்டரிலிருந்தும் வந்த பெண்டுகள் கூடத்தில் இருந்து அழுகிறார்கள், நடுவே பெட்டி. கதவைத் தட்டினார். உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன் என்றார். அடுத்த மூச்சில், வாசலை மறித்து ஒரு நீலக் கார் நிற்கிறது, எனக்கு விறகு வருகிறது, எடுக்கச் சொல்ல முடியுமா என்றார். நேசராசாவின் உடம்புக்கு மேலாலே சொன்னார். அவருடைய பிரஷர் குளிசையைப் பதினைந்து வருஷம் எண்ணிக் கொடுத்த மனுசனின் உடம்புக்கு மேலாலே. மிளகாய் பொரித்தால் துண்டு எழுதிக் கதவுக்குக் கீழால் தள்ளுகிறவர், வாசலில் கழற்றிவைக்கிற செருப்பை எண்ணுகிறவர், அதெல்லாம் பொறுத்தாள். அந்தக் காரைப் பொறுக்கவில்லை. கிழவா, உனக்கும் ஒரு நாள் வரும் என்று மனதுக்குள் சொன்னாள். ஒன்பதாம் நாள் வந்தது.

வந்ததென்றால் எப்படி. தண்ணி முழங்காலுக்குக் கீழேதான் வந்தது, மூழ்கவா போகிறான் மனுசன். நித்திரையில் கால் குளிர்ந்து எழும்பியிருக்கிறார், இருட்டில் சறுக்கி விழுந்து இடுப்பு முறிந்துவிட்டது. முனகினது சுவருக்குள்ளால் கேட்டதா? கேட்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை, அவள் அந்த நேரம் மேல்மாடியில் நேசராசாவின் படத்துக்கு முன்னால் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள். கேட்டிருந்தால் போயிருப்பாள். போயிருப்பாளா? போயிருப்பாள், என்ன கதை இது, போயிருப்பாள். எட்டோடு தட்டு அறுந்ததால் ஒன்பதுக்கும் பத்துக்கும் பதினொன்றுக்கும் ஒருவரும் போகவில்லை, அவர்கள் வீட்டு நிலமெல்லாம் நாறிப்போயிற்று. கலியாணச் சட்டை கீழ்ப்பக்கம் ஒரு சாண் சேறு. கலியாணம் தள்ளிப்போயிற்று. மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்து, சளி கட்டி, ஆர்தர் செத்தார். இவள் ஒரு கேக் செய்து எட்டாம் நம்பர் வாசலுக்கு எட்ட நின்று படியில் வைத்துவிட்டு வந்தாள். அடுத்த நாள் காலை கேக் வைத்த கோப்பை கழுவித் துடைத்து இவளுடைய படியில் இருந்தது. தின்றார்களோ குப்பையில் போட்டார்களோ, கடவுளுக்குத்தான் தெரியும். கோடையில் ஹெலன் தானே அந்த வீட்டுக்குக் குடிவந்தாள், புருஷனை விட்டுப் பிரிந்து தனியே. ஐம்பத்தைந்து வயது, தகப்பனின் அதே தாடை. அவள் கரண்டியால் கோப்பையைத் தட்டுவதும், இருமுவதும், சிலவேளை ஒன்றும் செய்யாமல் இருப்பதும் சுவருக்குள்ளால் கேட்கும். ஏழு மாதத்தில் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. இவள் இருமினால் அங்கேயும் கேட்கும்தானே என்று யோகம் தலையணைக்குள்ளே வாயை அமத்தி இருமுகிறாள், தன் சொந்த வீட்டிலே. தூ.

தொம். ஐந்து. கிட்ட வந்துவிட்டது, படியும் அதிர்ந்தது. கதவின் கீழ் இடுக்கால் குளிர் வந்து காலைத் தொட்டது, தண்ணியோ என்று பதறிக் காலைத் தூக்கினாள், தண்ணியில்லை, வெறுங்காற்று. எழும்பி யன்னலால் பார்க்கலாம். பார்த்தால் பார்ப்பதை அவர்கள் பார்ப்பார்கள், பார் தட்டுவார்களோ என்று காத்துக்கொண்டிருக்கிறாள் என்று. பார்க்க மாட்டாள். பார்த்தாள். ஆற்றோரத்து நடைபாதை இல்லை, வாங்கின் கால்கள் தண்ணிக்குள்ளே, கோடையில் சனம் குந்தியிருந்து ஐஸ்கிறீம் தின்கிற வாங்கு. மண்ணிறத் தண்ணி சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. நேசராசா இருந்தால் எத்தனை அங்குலம் என்று சொல்லியிருப்பார். தட்டாவிட்டால் என்ன செய்வது என்று ஒழுங்காக யோசிக்கலாம் என்று பார்த்தால் மனம் ஒழுங்குக்கு வருகிறதில்லை, தட்டாவிட்டால் பாஸ்போட்டை மேலே கொண்டுபோகவேண்டும், படத்தை மேலே கொண்டுபோயாயிற்று, அரிசிப் பையைக் கதிரையில் தூக்கி வைக்கவேண்டும், தட்டாவிட்டால் அவர்கள் ஏற்கெனவே கூடிப் பேசித் தீர்மானித்திருக்கிறார்கள் என்று அர்த்தம், ஜூடித்தின் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு பேசியிருப்பார்கள், குரலை உயர்த்தாமல், எல்லாருக்கும் பால் போதுமா என்று கேட்டுக்கொண்டு. தொம். ஆறு. இனி இவள்தான். யோகம் படியில் போய்த் திரும்ப இருந்தாள், சட்டையை இழுத்துச் சரிசெய்தாள், ஏன் சரிசெய்தாள் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. ஜூடித்தின் கதவு சாத்தும் சத்தம். நடை. தண்ணி தெறிக்கிற நடை. யன்னலில் மஞ்சள் மழைக்கோட்டு தெரிந்தது. தெரிந்தது, நிற்கவில்லை. யன்னலின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போய் மறைந்தது. அடுத்த நிமிஷம் சுவருக்கு அந்தப் பக்கத்தில் எட்டாம் நம்பர் கதவில் தட்டுகிற சத்தம் கேட்டது, மூன்று தட்டு, ஹெலனின் குரல், ஜூடித்தின் குரல்.

முதலில் ஒன்றும் நினைக்கவில்லை. பிறகு கோபம் வந்தது, அது வந்தது அப்பாடா என்றிருந்தது, கோபத்தோடு இருக்கப் பழகியவள். செய்யுங்கோ, நல்லாச் செய்யுங்கோ, உங்கடை வெள்ளைக் கோயிலிலே போய்ப் பூவும் வையுங்கோ. தண்ணி வந்து இந்த நானூறு வருஷத்தை நக்கிக்கொண்டு போகட்டும். இருபது வருஷம், இருபது வருஷம் ஒவ்வொரு மாரியும் எட்டாம் நம்பர் பலகையின் மறு அந்தத்தைப் பிடித்த கைகள் இவை, நேசராசாவுக்கு முதுகு நொந்த வருஷங்களில் இவள்தான் பிடித்தது, அதையெல்லாம் எந்த மட்டையில் எழுதினீர்கள்? ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளை மட்டும் வைத்திருக்கிறார்கள். அப்போது அவளுடைய கதவிலே தட்டுகிற சத்தம் கேட்டது. மூன்று தட்டு. நினைக்க முதலே எழும்பிவிட்டாள், கொண்டியை இழுத்தாள், ஜூடித் நின்றாள், மூக்கு நுனியில் மழைத்துளி. அவள் உள்ளே வந்து ஒரு வளையத்தைப் பிடித்தாள், இவள் மற்றதைப் பிடித்தாள், பலகை கரடுமுரடாகச் சுவரைச் சுரண்டிக்கொண்டு வந்து வெட்டுக்குள் இறங்கியது. தொம். அப்பாடா. கண்ணில் தண்ணி முட்டியது, சீ, இதற்கா, ஒரு பலகைக்கா. ஜூடித் பலகைக்கு அந்தப் பக்கம் கால் வைத்து ஏறி இறங்கினாள். யோகம் செருப்பைத் தேடினாள், ஏனென்றால் இனி அவள் முறை.

“நீங்கள் வரத் தேவையில்லை, யோகா,” என்றாள் ஜூடித். “ஹெலனிடம் நானே சொல்லிவிட்டேன். அவளுடைய பலகையை நானே பிடிக்கிறேன். நாங்கள் எல்லாரும் அதுதான் நல்லது என்று நினைத்தோம். நீங்கள் உள்ளே சூடாக இருங்கள்.” அன்பாகத்தான் சொன்னாள். முகத்தில் ஒரு பொல்லாப்பும் இல்லை, பிள்ளையை மழையில் போகாதே என்று சொல்கிற முகம். சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். யோகம் ஒற்றைச் செருப்போடு நின்றாள். தட்ட மாட்டார்கள் என்றுதான் பயந்தாளே தவிர, தட்டிவிட்டு இனி நீ தட்டாதே என்பார்கள் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. அவளைக் காப்பாற்றுவார்கள், ஒவ்வொரு மாரியும் வந்து காப்பாற்றுவார்கள், அவள் கை மட்டும் இன்னொருவர் பலகையில் படக்கூடாது. அவளைத் துடக்காக்கிவிட்டார்கள். துடக்குக்காவது முப்பத்தொரு நாள் என்று ஒரு கணக்கிருந்தது, முப்பத்தொன்று முடிய ஐயர் வந்து தண்ணி தெளித்து விடுவார், எழும்பிக் கோயிலுக்குப் போகலாம். இதுக்கு எவன் வந்து தண்ணி தெளிக்கிறது? அவள் குசினிக்கு ஓடிப்போய் ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு வந்தாள். கதிரையில் ஏறி, நிலையைப் பிடித்துக்கொண்டு, முருகா முருகா என்று ஒரு காலை அந்தப் பக்கம் போட்டாள், மற்றக் காலும் வந்தது, வந்த வேகத்தில் முழங்கால் கல்லில் இடித்தது. தண்ணி கணுக்காலுக்கு வந்துவிட்டது, ஐஸ். ஒற்றைச் செருப்பை அது கொண்டுபோயிற்று. போகட்டும்.

எட்டாம் நம்பர் வாசல் எட்டு அடி தூரம். கதவு திறந்திருந்தது, ஹெலன் பலகையின் ஒரு வளையத்தைப் பிடித்துக் குனிந்துகொண்டிருந்தாள், மற்ற வளையத்துக்கு ஜூடித் கையை நீட்டினாள். யோகம் அவளை இடித்துக்கொண்டு முன்னால் போனாள். மன்னியுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. வாசல் படியில் கால் வைத்தாள். ஹெலன் நிமிர்ந்தாள், தகப்பனின் தாடை. இவள் ஒரு வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வசனம் ஒன்று இருந்தது, மூன்று தரம் ரெலிபோன் எடுத்தேன் என்று தொடங்கி, எங்கள் ஊர் வழக்கத்தில் என்று போய், அந்தப் பிள்ளையின் கலியாணத்துக்காக என்று முடிகிற நல்ல வசனம். ஒரு பிழையும் இல்லாத இங்கிலீஷ். வாயைத் திறந்தால் அது வரவில்லை.

“ரெலிபோன் அடித்தது எனக்குக் கேட்டது,” என்றாள். “இந்தச் சுவருக்குள்ளால் கேட்டது. அவர் எடுக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். நான் வந்திருக்கலாம். உங்கள் அப்பாவோடு எனக்குக் கோபம், நான் வரவில்லை.”

ஜூடித் ஐயோ யோகா என்று மெதுவாகச் சொன்னாள். ஹெலனின் முகம் முதலில் வெளுத்தது, பிறகு கழுத்திலிருந்து சிவந்துகொண்டு வந்தது. அடிப்பாளோ என்று யோகம் நினைத்தாள், அடித்தால் அடிக்கட்டும், நல்லது. பின்னால் தண்ணி படியைத் தொட்டு, ஒரு தரம் பின்வாங்கி, திரும்ப வந்து தொட்டது. கூடத்துக்குள்ளே புதிதாகப் போட்ட மரத்தளம் தெரிந்தது, சுவரெல்லாம் புதுப் பூச்சு. யோகத்தின் வெறுங்கால் விறைத்துப்போயிற்று.

“அந்த வளையத்தைப் பிடியுங்கள்,” என்றாள் ஹெலன்.

யோகம் பிடித்தாள். தூக்கினார்கள். இடுப்பில் காலையில் பிடித்த இடத்தில் திரும்பவும் பிடித்தது, பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள். ஹெலன் தன் பக்கத்தைச் சரியாக வெட்டுக்கு மேலே வைத்துக்கொண்டு இவளைப் பார்த்தாள், இவள் தலையாட்டினாள், இருவரும் ஒரே நேரத்தில் கையை விட்டார்கள். பலகை இறங்கியது. ஹெலன் பலகைக்கு அந்தப் பக்கம், இவள் இந்தப் பக்கம். ஜூடித் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தண்ணிக்குள் நின்றாள். ஹெலன் பலகையைத் தாண்டி வெளியே வந்தாள், கையைக் காற்சட்டையில் துடைத்தாள், இவளுடைய முகத்தை நேரே பார்த்தாள்.

“நான் உங்களை மன்னிக்கவில்லை,” என்றாள்.

“நான் கேட்கவும் இல்லை,” என்றாள் யோகம்.

ஹெலன் சரி என்பதுபோலத் தலையாட்டிவிட்டு ஒன்பதாம் நம்பர் கதவைத் தட்டப் போனாள்.